தேர் திரும்பும் இடம்

ஆளுக்கு ஒரு எலுமிச்சை சோடா.
அதற்கு மேல் இந்த மாடியில் எங்களுக்குக் கட்டாது.
மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி விடுதி, ஆறாவது தளம்.
லிப்ட் நாலோடு நின்றுவிடும்.
மிச்சத்தை ஏறி வருகிறோம் சனிக்கிழமைதோறும்
நாலு பேர்:
சாயப்பட்டறை சாந்தாராம், விரல் இன்னும் நீலம்;
பெரியாஸ்பத்திரி இரவுப்பணிக்கு முன்
சீருடையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு எஸ்தர்;
ஷேர் ஆட்டோ ஒச்சப்பன்;
பத்திர ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிற நான்.
வேறு எந்த இடத்திலும்
நாங்கள் ஒரே மேசையில் உட்கார வழியில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே
அருமைநாயகம் கிடாரின் காதைத் திருகுகிறார்.
ரயில்வேயில் சிக்னல் பிரிவு,
ஓய்வு பெற மூன்று வருஷம். ரப்பர் செருப்பு.
வாசல் பலகையில் லைவ் மியூசிக் என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள்.
பெயர் கிடையாது.

கல்யாணத்துக்கு வந்த கோயம்புத்தூர்க் கூட்டம்
துண்டுச்சீட்டில் பழைய டூயட் ஒன்றை எழுதி அனுப்பும்.
மறுக்கமாட்டார்.
பல்லவியை அப்படியே
வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு
சரணத்தில் கிளம்புவார்.

ஜாஸ் என்றால் என்னவென்று
எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.
ஒச்சப்பன்தான் கண்டுபிடித்தான்:
"சித்திரை வீதியில ஏத்துன ஆளை
ஆவணி மூல வீதி, மாசி வீதின்னு
சுத்திக் காட்டிட்டு
ஏறுன எடத்துலயே எறக்கிவிடுறார்டா.
ஆனா எறங்குறவன் வேற ஆளு."
செல்போனில் பதிந்து ஆட்டோவில் போடுவான்.
ஆரப்பாளையத்தில் ஏறும் காய்கறிக் கூடைக்காரம்மா
"பாட்டு எப்பய்யா ஆரம்பிக்கும்" என்பாள்.

எனக்கு அது தேர்.
மூலையில் வந்து நிற்கும். வடம் தளரும்.
இவ்வளவு பெரியது இந்த இடுக்கில் எப்படித் திரும்பும் என்று
வயிறு கலங்கும் நேரத்தில்
சக்கரத்தடியில் ஒரு கட்டையைச் செருகுவார்கள் இல்லையா,
அப்படி ஒரு சுரம், எங்கோ ஓரத்தில்.
அவ்வளவுதான்.
மொத்தத் தேரும் முனகிக்கொண்டு திரும்பிவிடும்.
எஸ்தர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.
கோயம்புத்தூர்க்காரர்கள், நாண் இன்னும் வரவில்லை என்பார்கள்.

கைதட்டுவது நாங்கள் மட்டும்.
எட்டுக் கை.
பரிமாறுகிற தம்பி தட்டை இடுக்கிக்கொண்டு சேர்ந்தால்
பத்து.

பங்குனியில் ஒருநாள் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் ஆள் கீழே டீக்கடையில்.
ஆம்ப் செத்தது. அவர் நிறுத்தவில்லை.
நாற்காலிகளை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனோம்,
கேட்கக்கூட இல்லை.
கம்பியில் விரல் வழுக்கும் கீச்சு,
கைக்கு முன்னால் பல்லுக்குள் அவர் முணுமுணுத்த மெட்டு,
பெரியார் நிலையத்துப் பஸ் ஒன்றின் ஹாரன்.
அதையும் வாங்கி உள்ளே போட்டுக்கொண்டார்.

அன்றைக்குத்தான் ஒச்சப்பன் வாயைத் திறந்தான்.
எட்டு மாதம் ஹேண்டில்பாரோடு பேசிப் பழகிய வசனமெல்லாம் போய்,
"அண்ணே… அந்த ரெண்டாவது பாட்டுல, திரும்புற எடத்துல,
ஒண்ணு வச்சீங்களே…"

அருமைநாயகம் கிடாரைத் துணியால் துடைத்தார்.
"அதுவா. அது தப்புப்பா. விரல் நழுவிருச்சு."

கரண்ட் வந்து
நாலாம் தளத்தில் லிப்ட் திறந்து நின்றது.
நடந்தே இறங்கினோம்.
வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்தபடி எஸ்தர் மட்டும்:
"தப்புன்னா எனக்கு ஏன் அப்படி ஆச்சு?"

அடுத்த சனி.
அதே பாட்டு, யாரும் சீட்டு அனுப்பவில்லை.
அதே மூலை. வடம் தளர்ந்தது.
எங்கள் மேசையை ஒருதரம் பார்த்துவிட்டு
அந்த விரலை
வேண்டுமென்றே நழுவவிட்டார்.

ஒச்சப்பன் அழுதான் என்று எழுதினால் அடிக்க வருவான்.
போன வாரத்தது அதுவேதான் என்கிறேன் நான்.
சாந்தாராம் நீல விரலால் சோடாவைக் கலக்கிக்கொண்டே
தலையாட்டுகிறான், இல்லையாம்.
அது வேற தப்பாம்.